இமையில் வந்த கட்டிக்கு மார்பகத்தையும் குடலையும் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு 61 வயது, பல வருடம் தேயிலை பறித்தவர். இடது கீழிமையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. இரண்டு வருடத்துக்கு முன் நீர்க்கட்டி என்று சொல்லிக் கீறி எடுத்திருக்கிறார்கள். எடுத்த சதை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. அதே இடத்தில் மறுபடி வந்தது. இந்த முறை கோவையில் எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பியதில் 'மியூசினஸ் கார்சினோமா, வியர்வைச் சுரப்பியில் தோன்றியதாக இருக்கலாம், வேறு உறுப்பிலிருந்து பரவியதல்ல என்று உறுதி செய்யவும்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது (மியூசினஸ் கார்சினோமா என்றால் சளி சுரக்கும் புற்று). டாக்டர் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), வயிற்று சிடி, கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) எழுதிக் கொடுத்திருக்கிறார். 'அவர்களுக்கே தெரியவில்லையா, இல்லை பணம் பிடுங்கவா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதை உண்மையில் அரிப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். சதையைக் கையில் வைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகும், இது இமையிலேயே பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று ஒருவர் ஏன் அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்?

நான் பேத்தாலஜிஸ்ட், எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவன். சமவெளியில் படித்துவிட்டு, நீண்ட காலமாகக் குன்னூரில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் ஏன் அப்படி எழுதியிருப்பார் என்பதைச் சொல்ல முடியும். முன்கூட்டியே ஒன்று: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது தடுமாறி எழுதிய ரிப்போர்ட் இல்லை. நானாக இருந்தாலும் ஏறக்குறைய அதே வரியைத்தான் எழுதியிருப்பேன்.

இமை பார்க்கத்தான் சின்ன இடம், உள்ளே சுரப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இமையை விறைப்பாக வைத்திருக்கும் தகட்டுக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள். இமைமுடியின் வேரோடு ஒட்டி இன்னும் சில சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள். அதே முடிகளுக்கு அருகில் மோல் சுரப்பி என்று ஒன்று. இது அக்குளில் இருக்கிற வியர்வைச் சுரப்பியின் இனம். மேல்தோலில், உடம்பெல்லாம் இருக்கிற சாதாரண வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் கட்டி வரலாம், பெரும்பாலும் சாதுவான கட்டிகளே வரும். எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் கண்கட்டி, வியர்வைச் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் நீர்க்கட்டி இரண்டும் அன்றாடம் பார்ப்பவை. புற்று என்று எடுத்துக்கொண்டால், வெளிநாட்டுப் புத்தகங்கள் இமைப் புற்றில் நூற்றுக்கு 80, 90 பேசல் செல் கார்சினோமா, அதாவது தோலின் அடி அடுக்குச் செல்களின் சாயலில் வரும் புற்று, என்று சொல்லும். நம் நாட்டில் கதை வேறு. இங்கே எண்ணெய்ச் சுரப்பிப் புற்று அதற்குச் சமமாக நிற்கிறது, சில பெரிய கண் மருத்துவமனைகளின் கணக்கில் அதை முந்தியும் விடுகிறது. வியர்வைச் சுரப்பிப் புற்று இரண்டு ஊரிலும் அபூர்வம்தான். பல கண் டாக்டர்கள் தங்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்திருந்தால் அதிகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண்களின் பால் சுரப்பி, கருவில் உருவாகிற விதத்தில், வியர்வைச் சுரப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மோல் சுரப்பிக்கு அது நெருங்கிய உறவு. உறவு நெருக்கமாக இருப்பதால் இரண்டிலும் வரும் புற்றுகளின் முகச்சாயலும் ஒன்றாகவே இருக்கிறது. மியூசினஸ் கார்சினோமாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வெளிர்நீலச் சளித் தேக்கத்தில் செல்கள் சின்னச் சின்னக் கொத்துகளாக மிதக்கும். ஜவ்வரிசிப் பாயசத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்த மாதிரி. நடுநடுவே மெல்லிய நார்த்தடுப்புகள் அந்தத் தேக்கத்தைப் பாத்தி பிரித்திருக்கும். செல்கள் சின்னவை, ஒழுங்கானவை, பார்த்தால் புற்று என்றே தோன்றாத அளவுக்குச் சாது. இமையில் பிறந்ததும் இப்படித்தான் இருக்கும். மார்பகத்தில் பிறந்து இமைக்கு வந்ததும் இப்படித்தான் இருக்கும். பெருங்குடலில் பிறந்ததில் செல்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக, அழுகிய குப்பையோடு இருப்பது வழக்கம், ஆனால் எப்போதும் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் பார்வையை மட்டும் வைத்து 'இது இமையில் பிறந்ததுதான்' என்று எழுதுகிறவர்தான் ஆபத்தானவர். சந்தேகத்தைத் திறந்து எழுதியவரை நம்பலாம்.

பிறப்பிடம் தெரிய அடுத்து செய்வது இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி. ஆய்வகத்தில் சுருக்கமாக ஐஎச்சி என்போம். மெழுகில் பதித்த அதே சதையிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் சாயத்தை விடுவது. புரதம் இருந்தால் பழுப்பாகக் காட்டும். குடலில் பிறந்த புற்று பெரும்பாலும் சிகே20, சிடிஎக்ஸ்2 இரண்டிலும் பழுப்பாகும், சிகே7-இல் ஆகாது. வியர்வைச் சுரப்பியில் பிறந்தது நேர் எதிர்: சிகே7 பிடிக்கும், சிகே20 பிடிக்காது. ஆக, குடலா இமையா என்ற கேள்விக்கு இந்தச் சாயங்கள் நல்ல பதில் தரும். மார்பகமா இமையா என்று கேட்டால்தான் கையை விரித்துவிடும். மார்பகப் புற்றுக்குப் பார்க்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள், அதாவது ரிப்போர்ட்டில் இஆர், பிஆர் என்று எழுதுபவை, வியர்வைச் சுரப்பிப் புற்றிலும் பளிச்சென்று பழுப்பாகும். கேட்டா3 என்ற சாயமும் இரண்டிலும் பிடிக்கும். ரிப்போர்ட்டில் 'இஆர் பாசிட்டிவ்' என்று பார்த்ததும் 'அப்போ இது மார்பகப் புற்றுதான்' என்று யாராவது பயமுறுத்தினால் அதைக் காதில் வாங்காதீர்கள். இமையிலேயே பிறந்ததிலும் அது எதிர்பார்க்கிற முடிவுதான்.

ஸ்லைடிலேயே பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்று உண்டு, எல்லாருக்கும் கிடைக்காது. சாதாரண வியர்வைச் சுரப்பிக் குழாயைச் சுற்றி வெளிப்புறமாகத் தசைத்தன்மையுள்ள செல்கள் ஒரு வரிசையாக இருக்கும். பி63 என்ற சாயம் அவற்றின் உட்கருவைப் பழுப்பாக்கும். புற்றுக் கொத்துகளில் சிலவற்றையாவது சுற்றி இந்த வரிசை இன்னும் உடையாமல் இருந்தால், புற்று இந்தக் குழாய்க்குள்தான் முளைத்தது என்று அர்த்தம். வெளியிலிருந்து வந்து குடியேறியது தன்னைச் சுற்றி இப்படி வரிசை கட்டிக்கொள்ளாது. வரிசை இருந்தால் கிட்டத்தட்ட முடிவு சொல்லிவிடலாம். இல்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சீவிய இடத்தில் அந்தப் பகுதி விழாமல் போயிருக்கலாம், முதல் ஆபரேஷனிலேயே அது போயிருக்கலாம். உங்கள் அம்மாவின் முதல் கட்டி எங்கே போனது என்று நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதனால்தான். அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த மெழுகுக் கட்டி எங்காவது ஓர் ஆய்வக அலமாரியில் இருக்கும். எடுத்த இடத்தில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். போனில் கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு தடயமும் சேர்த்தே தேட வேண்டும். எண்டோகிரைன் மியூசின் சுரக்கும் வியர்வைச் சுரப்பிக் கார்சினோமா என்று நீளப் பெயர் கொண்ட ஒன்று இருக்கிறது. 1997-இல்தான் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். வயதான பெண்களின் இமையில், அதிலும் கீழிமையில், நீர்க்கட்டி மாதிரியே மெதுவாக வளரும். இதுவே முற்றி மியூசினஸ் கார்சினோமாவாக மாறுகிறது என்பது இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. சினாப்டோபைசின், குரோமோகிரானின் சாயங்களில் பழுப்பாகும். மியூசினஸ் கட்டியின் ஓரத்தில் இது ஒரு துண்டு தென்பட்டாலும், வீடு இதுதான் என்பதற்குக் கனமான சாட்சி. உங்கள் ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்கள் இல்லாவிட்டால், 'பி63, சினாப்டோபைசின் போட்டுப் பார்க்கலாமா டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள். புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை, இருக்கிற மெழுகுக் கட்டியிலிருந்தே செய்யலாம்.

சரி, இதெல்லாம் செய்தால் மேமோகிராம் தேவையில்லையா? தேவைதான். சாயங்களால் பிரிக்க முடியாத உறுப்பு மார்பகம் என்பதால், அதை நேரில் பார்த்துத்தான் விலக்க வேண்டும். ஒரு மேமோகிராம், கூடவே டாக்டர் கையால் மார்பையும் அக்குளையும் தடவிப் பார்ப்பது. இதில் பணத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் அம்மாவின் வயதில் இமைக்கட்டி இல்லாவிட்டாலும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை அது. வயிற்று சிடியும் நியாயமானது. கொலனோஸ்கோபி விஷயத்தில் என் சொந்த அபிப்பிராயம்: சிகே7 பாசிட்டிவ், சிகே20-உம் சிடிஎக்ஸ்2-உம் நெகட்டிவ், மலத்தில் ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, சிடியிலும் ஒன்றும் இல்லை என்றால் அது அவசரம் இல்லை. ஐஎச்சி முடிவு வந்த பிறகு செய்யலாமா என்று டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். இதில் எல்லா டாக்டர்களும் ஒரே கருத்தில் இல்லை, சிலர் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடச் சொல்வார்கள். அம்மாவை நேரில் பார்த்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மொத்தத்தில், வேறு உறுப்பிலிருந்து புற்று இமைக்கு வருவது மிக அபூர்வம், அப்படி வருபவர்களிலும் பலருக்கு ஏற்கெனவே புற்று இருப்பது தெரிந்திருக்கும். அதனால் உங்கள் அம்மாவுக்கு இது இமையில் பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோலில் பிறக்கிற மியூசினஸ் கார்சினோமாவுக்கு மிகப் பிடித்த இடமே இமைதான்.

முதலில் பார்த்தவர் நீர்க்கட்டி என்று சொன்னதற்காக அவர் மேல் கோபப்படாதீர்கள். இந்தக் கட்டி வெளியிலிருந்து பார்க்க மிருதுவாக, சில சமயம் நீலம் பாய்ந்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி, மேல்தோல் உடையாமல் இருக்கும். கண்ணால் பார்த்து இதைப் புற்று என்று சொல்ல யாராலும் முடியாது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால் அதற்குக் கோபப்படலாம். நடுவயது தாண்டியவருக்கு இமையில் வரும் கட்டி, ஒரே இடத்தில் திரும்ப வரும் கட்டி, இமைமுடியை உதிர்க்கிற கட்டி, இமை ஓரத்தின் வடிவத்தைக் கோணலாக்குகிற கட்டி, இவை எதை எடுத்தாலும் பயாப்சிக்கு அனுப்பியாக வேண்டும். 'சும்மா கண்கட்டிதான்' என்று டாக்டர் சொன்னாலும் அனுப்பச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

வியர்வைச் சுரப்பிப் புற்றில் மியூசினஸ் ஒரு வகைதான். வேறு இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற ஒன்று, 1982-இல் பெயர் வைக்கப்பட்டது. தோலுக்கு மேலே தழும்பு மாதிரி ஒன்றுமில்லாமல் தெரியும், அடியில் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போகும். மேலாகச் சுரண்டி எடுத்த பயாப்சியில் இது சிரிங்கோமா என்ற சாதுவான வியர்வைச் சுரப்பிக் கட்டி மாதிரியே இருக்கும், ஆழமாக எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். இன்னொன்று முத்திரை மோதிர வடிவச் செல்கள் கொண்ட வகை, பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு. இதில் கட்டியே இருக்காது. இமை மொத்தமாகத் தடித்து, சிவந்து, வீங்கி, அழற்சி மாதிரியே இருக்கும். மாதக்கணக்கில் சொட்டு மருந்தும் ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கக் கண்ணின் இரண்டு இமையும் தடித்து, மருந்துக்கு அசையாமல் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் வழி. பெண்களுக்கு இந்த வகை வந்தால் மார்பகத்தைப் பார்ப்பது இன்னும் கட்டாயம்.

வேறு ஆய்வகத்தில் இரண்டாவது கருத்து கேட்கலாமா என்றீர்கள். தாராளமாக. இதற்கு அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி மலை இறக்க வேண்டியதில்லை. கோவையில் எடுத்த ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியையும் (அங்கே பிளாக் என்று கேளுங்கள்) ஸ்லைடுகளையும் ரிப்போர்ட் நகலையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. பிளாக் அறைவெப்பத்தில் பல வருடம் கெடாது, நல்ல டப்பாவில் வைத்துக் கூரியரில் அனுப்பலாம், உருகும் அளவு வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. கண்ணின் நோய்க்குறியியலுக்கென்றே ஆய்வகம் வைத்திருக்கும் சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களுக்கோ, வேலூர் சிஎம்சிக்கோ அனுப்பலாம். ஆபரேஷனுக்கு என்றால் கோவை அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே இமை, கண்குழிப் புற்றுகளுக்கான பிரிவு இருக்கிறது. அனுப்பும்போது ஒரு தாளில் 'இரண்டு வருடம் முன் இதே இடத்தில் எடுத்தது, மார்பக நோய் வரலாறு உண்டு அல்லது இல்லை' என்று எழுதி வையுங்கள். வயதும் 'இமைக்கட்டி' என்ற ஒரே சொல்லும் மட்டும் எழுதி வரும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஆளின் வேண்டுகோள் இது.

மலையில் வேலை பார்ப்பவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இங்கே எடுக்கும் சதை பல சமயம் மருந்துக் குப்பியில், சலைன் தண்ணீரில் போட்டு வந்து சேர்கிறது. சலைனில் சதை அழுகும். சதை கெடாமல் காக்கும் திரவமான பத்து சதவீத பார்மலினில்தான் போட வேண்டும், சதையைப் போல பத்து மடங்காவது பார்மலின் இருக்க வேண்டும், பாட்டிலின் வாய் அகலமாக இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஊட்டியில் பார்மலின் கேனைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகக் கலங்கி, அடியில் மாவு படிந்திருக்கும். அதை அப்படியே கலந்து ஊற்றினால் உறுதி குறைந்த பார்மலின்தான் சதைக்குக் கிடைக்கும். குளிரில் அது சதைக்குள் இறங்கவும் நேரம் எடுக்கும். அரைகுறையாகப் பதமான சதையில் ஐஎச்சி சாயம் பொய் சொல்லும். இருப்பதை இல்லை என்று காட்டும். அடுத்த ஆபரேஷன் மலையிலேயே நடப்பதாக இருந்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்தில் அடித்த மருந்தா, வெயிலா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும், அதனால் நம் மலையில் குளிர் இருந்தாலும் வெயில் சாது இல்லை. பேசல் செல் புற்றுக்கும் வெயிலுக்கும் தொடர்பு நிரூபணமானது. வியர்வைச் சுரப்பிப் புற்றுக்கு அப்படி நிறுவப்பட்ட காரணம் வெயிலும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. அம்மா எதையோ செய்ததால் வந்தது என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

கடைசியாக, ரிப்போர்ட்டில் நீங்கள் எனக்குச் சொல்லாத ஒரு வரி இருக்கும்: வெட்டிய ஓரங்கள். 'மார்ஜின்' என்று தொடங்கும். ஓரத்தில் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா, ஓரத்தைத் தொடுகிறது என்றா, ஒன்றுமே எழுதவில்லையா? இந்தப் புற்று மற்ற உறுப்புகளுக்குப் போவது குறைவு, வந்த இடத்திலேயே திரும்ப வருவதுதான் இதன் குணம். சாதாரணமாக வெட்டி எடுத்தவர்களில் பத்தில் மூன்று பேருக்குத் திரும்ப வந்ததாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. அதனால் ஓரம் தொட்டிருந்தால், ஆபரேஷன் நடக்கும்போதே ஓரங்களை உறையவைத்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வெட்டும் முறையில் மறுபடி எடுக்க வேண்டிவரும். சளித் தேக்கம் செல்லே இல்லாமல் தனியாக ஓரம் வரை நீண்டிருக்கக்கூடும். அதையும் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறை காட்டப் போகும்போதும் காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் டாக்டர் விரலால் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். இது ஓரிரு வருடத்தில் முடிகிற கண்காணிப்பு இல்லை, தாமதமாகத் திரும்புவதும் உண்டு. அந்த மார்ஜின் வரியையும் ஐஎச்சி முடிவுகளையும் பெயர், எண் மறைத்து இங்கே எழுதுங்கள், அதற்கு மேல் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.